அறுநூற்று எட்டாம் வரி

சிக்ஸ்டன் நூர்லிங்கிடம் எதைக் கேட்டாலும் பதில் உடனே வராது. கேட்டவரின் முகத்தைப் பார்த்தபடி ஒரு கணம் இருப்பார். காது நன்றாகவே கேட்கும். கேட்டவர் இரண்டாம் முறையும் கேட்கப்போகிறாரா என்றுதான் காத்திருப்பார். திரையில் ஒரு கிளிக் விழுந்ததுமே வேலையைத் தொடங்கிவிட்டால், அது இரட்டைக் கிளிக்கின் முதல் பாதியாக இருந்துவிடலாம் அல்லவா? இருபத்திரண்டு வருடம் அந்த ஒரு சந்தேகத்தோடு வேலை பார்த்ததில் அது அவர் உடம்பிலேயே ஊறிவிட்டது. அவருடைய கல்யாணத்தன்று பதிவாளர் கேள்வியை மூன்று முறை கேட்டாராம். மூன்றாவதற்குத்தான் இவர் "ஆம்" என்றார். "முதல் ரெண்டையும் டபுள் கிளிக்னு நினைச்சிருப்பார்" என்று அவர் மனைவி இங்கேலா சொல்வார்.

மெலாரன் ஏரிக்கரையில் எங்கள் ஊரின் பழைய இறைச்சி ஆலைக் கட்டடத்தில், இரண்டாம் மாடியில் எங்கள் நிறுவனம் இருக்கிறது. மொத்தம் ஒன்பது பேர். நகராட்சிகளுக்கு இணைய அட்டவணைகள் செய்து கொடுக்கிறோம். எந்தத் தெருவில் எப்போது பனி அள்ளுவது, எந்தக் குழந்தைக்குப் பள்ளிச் சாப்பாட்டில் பால் ஆகாது, எந்தக் கல்லறையில் யார் இருக்கிறார் என்பதெல்லாம் கடைசியில் ஓர் அட்டவணைதான். நிறம், எழுத்து, தேடும் வசதி ஆகியவற்றை மற்றவர்கள் பார்த்துக்கொள்கிறோம். ஒரு வரியைக் கிளிக் செய்தால் என்ன நடக்க வேண்டும் என்பது மட்டும் சிக்ஸ்டனுடைய பொறுப்பு.

கேட்டால் இதற்கு ஓர் ஆளா என்று தோன்றும். எனக்கும் முதல் வாரம் தோன்றியது. ஆனால் வரியைத் தொடுகிற ஒவ்வொருவரும் வேறு வேறு எண்ணத்தோடு தொடுகிறார்கள். ஒருவர் அது திறக்கும் என்று தொடுகிறார். இன்னொருவர் அது தேர்வாகி நீல நிறமாகும் என்று தொடுகிறார். வேறொருவர் படித்துக்கொண்டிருந்த இடம் தவறிவிடக் கூடாதென்று, காகிதத்தில் விரல் வைப்பதுபோல் சும்மா தொடுகிறார். இது போதாதென்று வரிக்குள்ளேயே டிக் கட்டம் ஒன்று, தொலைபேசி எண் ஒன்று, திருத்துவதற்கான பென்சில் படம் ஒன்று. அவற்றின் மீது விழும் கிளிக், மாடி வீட்டில் நாற்காலியை இழுத்தால் கீழ் வீட்டுக்குக் கேட்பதுபோல, அடியில் இருக்கும் வரிக்கும் கேட்கும். கேட்கக் கூடாதென்றால் "இங்கேயே நில்" என்று தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். நிரலில் அது ஒரே ஒரு வாசகம். அந்த வாசகத்தை எங்கே போடுவது, எங்கே விடுவது என்பதில்தான் சிக்ஸ்டனின் நடுவயது முழுவதும் கழிந்தது.

அவருக்கு இன்னொரு வாழ்க்கையும் இருந்தது. அது காத்திருப்பது. 2006இல், நான்காம் மாடி வீட்டுக்குக் குடிபோன வாரமே, அவரும் இங்கேலாவும் நகராட்சியின் தோட்டத்துண்டுக்குப் பெயர் கொடுத்தார்கள். ஏரியோரம் சிறு சிறு துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புக் குடில். எட்டு வருடத்தில் கிடைத்துவிடும் என்றார்கள். இங்கேலா முன்யோசனைக்காரர். அந்த வசந்தத்திலேயே கூஸ்பெரிப் பழச்செடிக் கன்று ஒன்றை வாங்கி பால்கனியில் வாளியில் வைத்தார். தள்ளுபடியில் இரண்டு சக்கரத் தோட்டத் தள்ளுவண்டி ஒன்று வாங்கினார். துண்டு துண்டாகப் பெட்டியில் வந்த வண்டியை சிக்ஸ்டன் அன்று மாலையே வீட்டு நடையில் வைத்துப் பொருத்தி முடித்தார். பிறகுதான் அது வாசற்கதவைவிட அகலம் என்று தெரிந்தது. பத்தொன்பது வருடமாக அது நடையிலேயே நிற்கிறது. வருகிறவர்கள் தொப்பியையும் கையுறையையும் அதில் போடுவோம். கூஸ்பெரி இதற்குள் பால்கனியைத் தாண்டி ஐந்தாம் மாடிக்காரரின் ஜன்னலைத் தொட்டுவிட்டது. அவர் பழம் பறித்துக்கொள்கிறார், புகார் சொல்லவில்லை.

சிக்ஸ்டன் பட்டியலில் நான்காவது இடத்துக்கு வந்து மூன்று வருடமாகியிருந்தது. அதற்கு மேல் நகரவில்லை. முப்பத்தொன்றாம் எண் துண்டு மூன்று வருடமும் காலியாகத்தான் கிடந்தது. ஆனால் விதி ஒன்று இருந்தது. துண்டைப் பட்டியலில் முதலில் இருப்பவருக்குத் தருவதாகக் கடிதம் போக வேண்டும். அவருக்கு ஆறு வாரம் அவகாசம். பதில் வராவிட்டால் இந்த வருடம் வேண்டாமென்று பணிவாக மறுத்ததாகக் கொள்ளப்படும். பட்டியலில் அவர் இடம் மட்டும் அப்படியே இருக்கும். பிறகு இரண்டாமவருக்கு ஆறு வாரம், மூன்றாமவருக்கு ஆறு வாரம். அதற்குள் ஜூலை வந்துவிடும். ஜூலை பிறந்துவிட்டால் துண்டு கைமாறக் கூடாது என்பது இன்னொரு விதி. அடுத்த வசந்தத்தில் மறுபடியும் முதலாமவரிலிருந்து.

சென்ற ஏப்ரலில் நகராட்சித் தோட்டப் பிரிவுக்கு வெண்டெலா என்ற இளம்பெண் வேலைக்கு வந்தாள். முதல் மூன்று பேரும் ஏன் எப்போதும் மறுக்கிறார்கள் என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. கல்லறை அட்டவணையைத் திறந்து பார்த்தாள். மூன்று பேரும் அங்கே இருந்தார்கள். மூவரும் இறந்து நான்கு வருடமாகியும், வசந்தம்தோறும் நகராட்சிக்குப் பணிவாக மறுப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மதியம் சிக்ஸ்டனின் கைபேசி அடித்தது. ஒலிபெருக்கியில் வைத்துத்தான் அவர் எப்போதும் பேசுவார்.

"சிக்ஸ்டன் நூர்லிங்தானே? நான் தோட்டப் பிரிவு வெண்டெலா. நல்ல சேதி. உங்களுக்கு முன்னால இருந்த மூணு பேரையும் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டேன். காலையிலயே சொல்லலாம்னு உங்க வீட்டு நம்பரை அழுத்தினேன், லைன் பிஸியாவே இருந்துச்சு."

சிக்ஸ்டன் ஒரு கணம் காத்திருந்தார். "என் மனைவி அவ தங்கச்சியோட பேசிட்டிருந்திருப்பா."

"அதான் மொதல்ல பட்டியலை முடிச்சிடுவோம்னு அவங்க மூணு பேரையும் டிக் பண்ணி நீக்கிட்டேன். ஆக, இப்ப நீங்கதான் முதல்…" குரல் நின்றது. விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "ஒரு நிமிஷம் இருங்க. நீங்க இல்லையே."

"எங்க இல்ல?"

"எங்கயுமே இல்ல. முதல்ல பார்ப்ரோன்னு ஒருத்தங்க இருக்காங்க. சிக்ஸ்டன், நீங்க உயிரோடதான இருக்கீங்க?"

அவர் இதற்கும் ஒரு கணம் காத்திருந்தார். இரண்டாம் முறை அவள் கேட்கவில்லை.

"என் நம்பரை அழுத்தினீங்கன்னு சொன்னீங்களே," என்றார் மெதுவாக. "என் வரிக்குள்ள இருந்த நம்பரையா?"

"ஆமா. ஏன்?"

சிக்ஸ்டன் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். எண்ணின் மீது விழுந்த கிளிக் வரிக்கும் கேட்டிருக்கிறது. வரி தன்னைத் தேர்வு செய்துகொண்டு, அவள் வேறு பக்கம் போய்த் திரும்பியபிறகும் அதை மறக்காமல் இருந்திருக்கிறது. மறக்காமல் இருக்கும்படி செய்து, அதற்காகக் கேக் வாங்கி எங்களுக்கெல்லாம் கொடுத்தவரும் சிக்ஸ்டன்தான். அப்புறம் மூன்று இறந்தவர்களோடு இவரும் போய்விட்டார்.

"நீக்கும்போது நாலு பேர்னு அது சொல்லலியா?" என்று நான் கேட்டேன்.

"இல்லையே," என்றாள் வெண்டெலா. "'தொடரலாமா?'ன்னு மட்டும் கேட்டுச்சு. நானும் 'ஆம், நன்றி'ய அழுத்தினேன்."

இந்த இடத்தில் எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு கூட்டத்தைச் சொல்லியாக வேண்டும். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன் நடந்தது. அன்றைய குறிப்பேட்டில் எல்லாம் இருக்கிறது. நகராட்சியிலிருந்து ஆறு பேர், எங்கள் பக்கம் ஐந்து பேர், மூன்று மணி நேரம். வரியைத் தொட்டால் திறக்க வேண்டும் என்று பாதிப் பேர், தேர்வாக வேண்டும் என்று மீதிப் பேர். யார் மனமும் நோகாமல் முடிவெடுப்பது எங்கள் ஊரின் நெடுநாள் வழக்கம். ஆகவே இரண்டும் நடக்கட்டும் என்று முடிவானது. எண்ணைத் தொட்டால் வரிக்குக் கேட்காமல் நிறுத்திவிடலாமா என்ற பேச்சு வந்தபோது நகராட்சிக்காரர் ஒருவர், "பாவம், வரியும் தனக்கு இதுல பங்கு இருக்குன்னு நினைச்சுக்கட்டுமே" என்றார். பதினான்காம் பத்தி. எத்தனை பேரை நீக்குகிறோம் என்று எண்ணிக்கை காட்டுவது பார்ப்பவருக்கு மன அழுத்தம் தருகிறது என்றார் இன்னொருவர். பதினைந்தாம் பத்தி. இரண்டுக்கும் கீழே, "சிக்ஸ்டன்: இரண்டுமே செய்யலாம்" என்று எழுதியிருக்கிறது. கூட்டத்துக்கு வாங்கிய இலவங்கப்பட்டை பன்னில் கடைசியாக ஒன்று தட்டில் மிஞ்சியதாம். ஒருவர் அதில் பாதி எடுத்தார், அடுத்தவர் மீதியில் பாதி, அதற்கடுத்தவர் அதிலும் பாதி. கூட்டம் முடிந்தபோது பட்டாணி அளவில் ஒரு துண்டு இருந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

இரண்டு நாளில் நகராட்சியிலிருந்து ஒரு படிவம் வந்தது. சட்டப் பிரிவு கேட்டிருந்தது: நடந்தது மென்பொருளின் பிழையா, அல்லது முடிவு செய்தபடி இயங்கியதா? பிழை என்றால் சிக்ஸ்டனைப் பழைய இடத்தில் வைத்துவிடலாம். முடிவு செய்தபடி என்றால் நீக்கம் நீக்கம்தான். அவர் புதிதாகப் பெயர் கொடுத்துப் பட்டியலின் வால் பகுதியில் சேர்ந்துகொள்ளலாம். இரண்டில் ஒன்றை மட்டும் டிக் செய்து ஒரு வாரத்தில் அனுப்பவும்.

இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர் சிக்ஸ்டன் ஒருவர்தான். தன் விஷயத்தில் தானே தீர்ப்புச் சொல்ல முடியாது என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். எங்கள் முதலாளி ரூலாண்ட் கூட்டம் போட்டார்.

"ஒரு விதத்துல பார்த்தா பிழை," என்றார் ரூலாண்ட். "இன்னொரு விதத்துல பார்த்தா இல்ல. ரெண்டையும் டிக் பண்ணிட்டா என்ன?"

"ஒண்ணுதான் பண்ணணுமாம்," என்றேன்.

"யாரு சொன்னது? அந்தப் படிவமும் நம்ம அட்டவணைதான். ரெண்டு வரியையும் தொட்டா ரெண்டும் நீலமாகும்."

"ஆகும். அனுப்பாது."

"ஏன் அனுப்பாது?"

"நாமதான் அப்படிச் செஞ்சு கொடுத்தோம்."

ரூலாண்ட் சிக்ஸ்டன் பக்கம் திரும்பினார். "யோவ், ஒதுங்கிட்டேன்னு மூலையில உக்காந்தா எப்படி? பத்தொன்பது வருஷமா காத்திருக்கே. பிழைன்னு போட்டுடறேன், கையெழுத்து என்னோடது. நீ சும்மா தலையாட்டு போதும்."

சிக்ஸ்டன் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். வழக்கத்தைவிட நீண்ட நேரமாயிற்று.

"பிழை இல்ல," என்றார் கடைசியில். "நாம தீர்மானிச்சபடியேதான் ஓடியிருக்கு. தீர்மானம்தான் தப்பு. அன்னைக்கே எனக்குத் தெரியும். ஒருநாள் யாராவது நம்பரைத் தொடப்போய் ஆளைத் தூக்கிடுவாங்கன்னு தெரிஞ்சுதான் உக்காந்திருந்தேன். ரெண்டுமே செய்யலாம்னு சொல்லிட்டு பன் சாப்பிட்டேன்."

அவர் ஒரு கூட்டத்தில் தன் அபிப்பிராயத்தைச் சொல்லி நாங்கள் கேட்டது அதுதான் முதல் முறை. யாருக்கும் எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை. ரூலாண்ட் தண்ணீர் குடித்தார். படிவத்தில் "தீர்மானம் தப்பு" என்று வரி எதுவும் இல்லாததால், "முடிவு செய்தபடி இயங்கியது" என்பதை டிக் செய்து அனுப்பினோம்.

அன்று பிற்பகல் சிக்ஸ்டன் யாரையும் கேட்காமல் இரண்டு மாற்றங்கள் செய்தார். எண்ணின் மீது விழும் கிளிக்குக்கு "இங்கேயே நில்" என்று எழுதினார். கேள்விப் பெட்டியில் எண்ணிக்கையைத் திரும்ப வைத்தார். மொத்தம் பதினொரு நிமிடம். பிறகு நகராட்சிப் பக்கத்துக்குப் போய்ப் புதிதாகப் பெயர் கொடுத்தார். அறுநூற்று எட்டாவது இடம் கிடைத்தது. எட்டு வருடம் என்று சொன்ன இடத்தில் இப்போது நாற்பத்தொரு வருடம் என்று காட்டியது. அவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

வீட்டுக்குப் போய் இங்கேலாவிடம் அவர் எப்படிச் சொன்னாரோ தெரியாது. மறுநாள் இங்கேலா எனக்குப் போன் செய்தார்.

"அவர் சொன்னது நிஜமா? பிழைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கிடைச்சிருக்குமா?"

"ஆமா."

"மடையன்," என்றார். "பிழை இல்லன்னு தெரிஞ்சும் அவர் பிழைன்னு சொல்லியிருந்தார்னா, அந்தத் தோட்டத்துல நான் கால் வெச்சிருக்கவே மாட்டேன். அதை மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதே. இன்னும் ரெண்டு நாள் கோவமா இருக்கலாம்னு இருக்கேன்."

இப்போது முதலிடம் பார்ப்ரோவுக்கு. எழுபத்தொரு வயது, நகர நீச்சல் குளத்தில் முப்பது வருடம் விசில் ஊதியவர். வெண்டெலா அவரை அழைத்து நல்ல சேதி சொன்னாள்.

"எனக்கு முன்னால நாலு பேரு இருந்தாங்களே?" என்றார் பார்ப்ரோ. பட்டியலை மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பவர் அவர்.

"மூணு பேரு இறந்துட்டாங்க."

"நாலாவது ஆளு?"

வெண்டெலாவுக்குப் பொய் வராது. நடந்ததைச் சொன்னாள்.

"ஏம்மா, வரிசையில நின்னவனைத் தெரியாம தள்ளிவிட்டுட்டு, அவன் இடத்துல என்னைப் போய் நிக்கச் சொல்றியா? எழுபத்தொரு வருஷத்துல நான் ஒருத்தரையும் முந்தினதில்ல. வேண்டாம்னு எழுதிக்கோ. என் இடம் மட்டும் அப்படியே இருக்கட்டும்."

இரண்டாவது ஆள், பார்ப்ரோவே மறுத்ததைத் தான் எப்படி எடுப்பது என்றார். மூன்றாவது ஆள் இரண்டாமவர் சொன்னதையே சொன்னார். ஒவ்வொருவருக்கும் ஆறு வாரம் என்றால் கடைசி ஆளுக்குப் போய்ச் சேர எழுபது வருடமாகும் என்று வெண்டெலா கணக்குப் போட்டுப் பார்த்தாள். எல்லோருக்கும் ஒரே நாளில் கடிதம் அனுப்பக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. அட்டவணையின் தலையில் இருக்கும் டிக் கட்டத்தைத் தொட்டாள். எல்லா வரிகளும் நீலமாயின. "607 பேருக்கு அனுப்பவா?" என்று பெட்டி கேட்டது. சிக்ஸ்டன் வரியின் டிக்கை மட்டும் தன் கையாலேயே நீக்கியிருந்தாள். இந்த முறை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டாளாம்.

இதற்குள் பார்ப்ரோ சும்மா இருக்கவில்லை. ஊரில் இருக்கிற அடுக்குமாடிகளின் பொதுச் சலவை அறைகளில் எல்லாம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதில் பெயரோ கையெழுத்தோ இல்லை. "முப்பத்தொன்றாம் எண் தோட்டத்துக்குக் கடிதம் வரும். யாருக்கு முன்னால் போய் நிற்கிறீர்கள் என்று யோசித்துக்கொள்ளவும். அன்புடன்" என்று மட்டும் இருந்தது. நீச்சல் குளத்தில் "ஓடாதே" என்று எழுதியிருக்கும் அதே பெரிய எழுத்து.

மறுப்புகள் வரத்தொடங்கின. சிலர் முழங்கால் வலி என்று காரணம் எழுதினார்கள். சிலர் இந்த வருடம் வெயில் அதிகம் என்றார்கள். பாதிப் பேர் பதிலே போடவில்லை. அதுவும் பணிவான மறுப்புதான். ஜூன் நடுவில் ஒரே ஒருவர், இருநூற்றுப் பன்னிரண்டாவது ஆள், "ஏற்கிறேன்" என்பதை அழுத்தினார். வெண்டெலா எங்களுக்குப் போன் செய்து மூச்சுவாங்கினாள். ஐந்து நிமிடத்தில் மறுபடி அழைத்தாள். கேள்விப் பெட்டி அவரிடம், "உங்களுக்கு முன் 211 பேர் உள்ளனர். தொடரலாமா?" என்று கேட்டிருக்கிறது. அவர் வெளியேறிவிட்டார். அது மன அழுத்தம் தருவதாக நகராட்சிக்குப் புகாரும் எழுதியிருந்தார்.

கோடைத் திருவிழாவுக்கு முந்தைய நாள் அவகாசம் முடிந்தது. அலுவலகத்தில் ஸ்ட்ராபெரி கேக் வெட்டிக்கொண்டிருந்தோம். வெண்டெலாவின் அழைப்பு வந்தது. சிக்ஸ்டன் ஒலிபெருக்கியில் வைத்தார்.

"அறுநூத்தி ஏழு பேரும் மாட்டேன்னுட்டாங்க. உங்க வரிக்கு வந்தாச்சு. கடிதம் அனுப்பிட்டேன். திறந்து 'ஏற்கிறேன்'னு அழுத்துங்க."

சிக்ஸ்டன் திறந்தார். அழுத்தினார். பெட்டி வந்தது: "உங்களுக்கு முன் இருக்கும் 607 பேர் மறுத்துள்ளனர். தொடரலாமா?"

அவர் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு கணம் போயிற்று. ஒரு நிமிடமும் போயிற்று.

"இத்தனை பேரு வேண்டாம்னு விட்டுவெச்சதை நான் எடுக்கலாமா?" என்றார்.

"யோவ்!" என்று கத்தினார் ரூலாண்ட், வாயில் கேக்கோடு.

"சிக்ஸ்டன், உங்களுக்குப் பின்னால யாரும் இல்ல," என்றாள் வெண்டெலா. "நீங்களும் விட்டா வர்ற வசந்தத்துல மறுபடி முதல்லேர்ந்து. என்னால முடியாது. அழுதுடுவேன்."

"இல்ல, ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கே…"

அப்போது மேசைத் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன். இங்கேலா. அவர் குரல் ரிசீவருக்கு வெளியிலும் கேட்டது.

"அவர் அழுத்திட்டாரா இல்லையா? வெண்டெலா எனக்கு அப்பவே சொல்லிட்டா. தள்ளுவண்டி வெளிய போகணுமேன்னு வாசக்கதவைக் கழட்டிப் போட்டுட்டேன். ஸ்க்ரூ ரெண்டு உடைஞ்சுபோச்சு. திரும்ப மாட்ட முடியாது. நான் திறந்த வீட்டுல நின்னுட்டிருக்கேன்னு அந்த மனுஷன்கிட்ட சொல்லு."

சொன்னேன்.

சிக்ஸ்டன் மவுஸைப் பிடித்தார். "ஆம், நன்றி"யை ஒருமுறை அழுத்தினார். கையை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு, ஒன்றும் தப்பாக நடக்கவில்லை என்று உறுதியாகும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வரி பச்சையாயிற்று.

மறுநாள் ஊரே பூமாலை சூட்டிய கம்பத்தைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தபோது, நூர்லிங் வீட்டின் கூஸ்பெரி நான்கு மாடி இறங்கியது. தள்ளுவண்டியில் அது அடங்கவில்லை. கழற்றிய கதவின் மீது படுக்கவைத்து, ஆளுக்கொரு மூலையாகத் தூக்கிக்கொண்டு நடந்தோம். சிக்ஸ்டன், ரூலாண்ட், நான், பார்ப்ரோ. முன்னால் இங்கேலா காலித் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். ஏரிக்கரையில் எதிரே வந்த இருவர் யாரோ இறந்துவிட்டார் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார்கள்.

முப்பத்தொன்றாம் எண்ணின் படல் முன் இறக்கிவைத்தோம். பார்ப்ரோ மூச்சு வாங்கியபடி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"காடு மாதிரி களை மண்டிக் கெடக்கு," என்றார். "இப்ப நான் பட்டியல்ல எத்தனாவது?"

"முதல்," என்றார் சிக்ஸ்டன். இந்த ஒரு கேள்விக்கு அவர் காத்திருக்கவில்லை.